முடிவு தெரிந்த பின்

ஒரு கதையின் முடிவு தெரிந்துவிட்ட பிறகு அதை மறுபடியும் பார்ப்பதில் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. அதிலும் அது மர்மக் கதையாக இருந்துவிட்டால் கேள்வி இன்னும் வலுப்பெறுகிறது. முடிச்சு இருக்கும் வரையில்தானே மர்மம்? அவிழ்ந்த முடிச்சை மீண்டும் யார் அவிழ்ப்பார்கள்?

நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். மத்ரஸாவுக்கு ஆண்டு விடுமுறை விட்டிருந்த ஷஅபான் மாதத்தில், கல்லூரியில் படிக்கும் என் மகள் பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றைக் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கினாள். "அத்தா, இதை நீங்க அந்தக் காலத்துலயே பார்த்தீங்களாமே, அம்மா சொன்னாங்க" என்று என்னையும் அருகில் அமர்த்திக்கொண்டாள். மறுக்க மனம் வரவில்லை. முதல் பகுதியைப் பார்த்தேன். பிறகு ஒவ்வோர் இரவும் நானே அவளை அழைக்கலானேன். தொடர் முடிந்தபோது கதையைக் காட்டிலும் என்னைப் பற்றியே அதிகம் தெரிந்துகொண்டவனாக இருந்தேன். மகிழ்ச்சி தரும் அறிவு அன்று அது. ஆயினும் அதை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது கடமை என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

அன்று பார்த்த கண்கள்

நான் குறிப்பிடும் தொடர் 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு'. இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்தின் தயாரிப்பில், நாகா அவர்களின் இயக்கத்தில், 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வாரந்தோறும் ஒளிபரப்பானது. கதை மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் அவர்களுடையது. 'விட்டுவிடு கருப்பா' என்ற அவருடைய நாவலே தொடருக்கு அடிப்படை. ஊர் எல்லையில் காவல் தெய்வமாக வணங்கப்படும் கருப்பு, குற்றம் செய்தவர்களை இரவில் குதிரையேறி வந்து தண்டிப்பதாக ஒரு கிராமமே நம்புகிறது. ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். வருவது தெய்வமா, மனிதனா? மனிதனென்றால் யார்? இதுதான் அந்தத் தொடர் தமிழ்நாட்டையே கேட்க வைத்த கேள்வி.

அந்த ஆண்டுகளில் நான் இருபத்தைந்தை ஒட்டிய இளைஞன். தஞ்சைப் பகுதியில் ஓதி முடித்துவிட்டு, சிவகாசியை அடுத்த ஒரு சிற்றூரில் பிள்ளைகளுக்கு மக்ரிபுக்குப் பின் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் பணிக்குப் புதிதாக வந்திருந்தேன். தொலைக்காட்சி உள்ளத்தைக் கெடுக்கும் பெட்டி என்று மாலையில் பிள்ளைகளுக்குப் போதித்துவிட்டு, இரவில் நான் குடியிருந்த வீட்டுக்காரரின் திண்ணையில் அமர்ந்து சன்னல் வழியாக அதே பெட்டியைப் பார்ப்பேன். இதை மறைத்துப் பயனில்லை, வாசகர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

இப்பகுதியின் இரவை அறிந்தவர்களுக்கு அந்தத் தொடர் ஏன் அவ்வளவு அச்சுறுத்தியது என்பதை விளக்க வேண்டியதில்லை. கரிசல் காடு, காற்றில் அசையும் உடைமரங்கள், ஊருக்கு வெளியே இருட்டில் நிற்கும் கருப்பசாமி கோயில், அதன் முன் சுடுமண் குதிரைகள். தொடர் முடிந்து பள்ளிவாசல் அறைக்குத் திரும்பும்போது ஆயத்துல் குர்ஸியை வழக்கத்தைவிட வேகமாக ஓதிக்கொண்டு நடப்பேன். மறுநாள் தேநீர்க் கடையில் எல்லா மதத்தவரும் கூடி ஆராய்வோம். "இந்த வாரம் பார்த்தா அவன்தான்னு தெரியுது" என்பார் ஒருவர். "இல்லை, அந்தக் கண்ணைப் பார்த்தீங்களா, அவள்தான்" என்பார் மற்றொருவர். வாரம் ஒருவரைக் குற்றவாளியாக்கினோம்; அடுத்த வாரம் அவரை விடுதலை செய்துவிட்டு வேறொருவரைப் பிடித்தோம். எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, அவர்கள் நிழல்கள்தானே!

ஆனால் யூகம் என்பது ஒரு பழக்கம். நிழல்களின் மீது பழகிய கை மனிதர்களின் மீதும் நீளும் என்பதை அன்று நான் அறியவில்லை.

எது மறைவு?

ஏக இறைவனை மட்டுமே வணங்கும் நாம், காவல் தெய்வத்தின் கதையைப் பார்த்து அஞ்சலாமா என்ற கேள்வி எழும். அண்டை அயலாரின் நம்பிக்கையை இழித்துப் பேசுவது நம் மார்க்கம் கற்றுத்தந்த பண்பன்று. அதே வேளையில் நம் கொள்கையில் குழப்பத்துக்கும் இடமில்லை. கைபு எனப்படும் மறைவானவற்றின் அறிவு அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஜின்களுக்கும் அந்த அறிவு இல்லை என்பதற்கு ஸபஃ அத்தியாயம் ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டுகிறது. நபி ஸுலைமான் (அலை) அவர்கள் தம் கைத்தடியில் சாய்ந்த நிலையிலேயே மறைந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பணிந்து கடும் உழைப்பில் ஈடுபட்டிருந்த ஜின்கள் அதை அறியவில்லை. தடியைப் பூச்சி அரித்து உடல் சாய்ந்த பிறகே உண்மை விளங்கியது. மறைவை அறியும் ஆற்றல் இருந்திருந்தால் அவை அந்த உழைப்பில் நீடித்திருக்கமாட்டா.

சிறுவயதில் இந்த நிகழ்ச்சியை ஓதும்போது ஜின்களின் அறியாமையை எண்ணி வியந்திருக்கிறேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது. அவற்றின் கண்முன்னேயே அந்த உடல் நின்றது. எட்டாத தூரத்தில் எதுவும் ஒளிக்கப்படவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தும் அறியாதிருந்தார்கள். அப்படியானால் மறைவு என்பது இருட்டிலும் சுடுகாட்டிலும் மட்டும் இருப்பதன்று. நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் நெஞ்சே நமக்கு மிக அருகில் உள்ள மறைவு. குதிரைக் குளம்பொலிக்கு நடுங்கிய நாம் அந்த மறைவைக் கண்டு நடுங்குவதில்லை. அதை அறிந்தவர்களைப் போலவே பேசுகிறோம்.

இன்று பார்த்த மனிதர்கள்

தொடரின் முடிவைப் பலரும் அறிவர். அறியாதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கருப்பாக வந்தவன் இராஜேந்திரன். ஊரில் யாரும் சந்தேகிக்காத சாதுவான மனிதன். சிறுவனாக ராசு என்று அழைக்கப்பட்ட காலத்தில் கண்ட கொடுமை அவன் உள்ளத்தை இரண்டாகப் பிளந்துவிட்டது. பிளவின் ஒரு பாதி தன்னையே கருப்பாக எண்ணிக்கொண்டு எழுகிறது. மறு பாதிக்கு அது தெரிவதே இல்லை. தான் செய்ததைத் தானே அறியாதவன் அவன்.

முதல் முறை இந்த முடிவு எனக்கு ஓர் அதிர்ச்சியாக இருந்தது. "அடடா, இவனா!" என்பதோடு முடிந்தது. இரண்டாம் முறை அவன் முதற்காட்சியில் தோன்றும்போதே என் நெஞ்சு கனத்தது. அவன் தயங்கிப் பேசுவது, பிறர் குரல் உயர்ந்தால் ஒடுங்குவது, ஊர் அஞ்சுவதைக் கண்டு அவனும் அஞ்சுவது ஆகிய யாவும் அன்று கதையை நீட்டும் காட்சிகளாகத் தோன்றின. இன்று ஒவ்வொன்றும் ஒரு காயத்தின் அடையாளமாகத் தெரிந்தது. சிறுவன் ராசுவும் அவன் பாட்டியும் வரும் பகுதிகளை அன்று எரிச்சலோடு கடந்தேன். குதிரை எப்போது வரும் என்பதே என் கவலை. இன்று அந்தப் பகுதிகளே கதை என்று விளங்கியது. குதிரை, அந்தச் சிறுவனால் அழ முடியாமல் போன அழுகை.

மற்ற பாத்திரங்களும் மாறித்தான் தெரிந்தார்கள். கருப்பை நம்பி நடுங்கும் ஊராரை அன்று மூடர்கள் என்று எண்ணினேன். இன்று அவர்களிடம் ஒரு நேர்மையைக் காண்கிறேன். தவறுக்குக் கணக்குக் கேட்கப்படும் என்று அவர்கள் நம்புகிறார்கள். யாரிடம் கணக்கு என்பதில் நாம் அவர்களிடமிருந்து வேறுபடுகிறோம். நகரத்திலிருந்து வந்து எல்லாவற்றுக்கும் காரணம் கேட்பவர்களை அன்று வீரர்களாகப் போற்றினேன். இன்று அவர்களின் பொறுமையையே போற்றுகிறேன். இறுதியில் கொலையாளியைப் பிடிப்பதைவிட நோயாளியைக் கண்டறிவதே பெரிதாகிறது.

இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்ல வேண்டும். கெட்டவன் ஒருவன் கருப்பின் கையில் வீழ்ந்தபோதெல்லாம் அன்று நாங்கள் திண்ணையில் கைதட்டினோம். வழக்கில்லை, சாட்சியில்லை, அவன் தரப்பைக் கேட்பாருமில்லை. ஆயினும் நீதி கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தோம். அந்தக் கைதட்டல் ஒரு நோயாளியின் நோய்க்குக் கிடைத்த கைதட்டல் என்பது இப்போது தெரிகிறது.

இங்கே நம் மார்க்கச் சட்டத்தின் நுண்மை நினைவுக்கு வருகிறது. மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற பொருளில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக அபூதாவூத் உள்ளிட்ட நூல்களில் வருகிறது: விழிக்கும் வரை உறங்குபவர், பருவம் எய்தும் வரை சிறுவர், தெளியும் வரை சித்தம் கலங்கியவர். கொல்லப்பட்டவரின் உரிமை இதனால் அழிந்துவிடுவதில்லை. அவர் குடும்பத்துக்கு உரிய ஈட்டைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் தனியே பேசுகின்றன. ஆனால் பாவம் எழுதப்படுவதற்கு அறிவு வேண்டும் என்பதில் இமாம்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. உறங்குபவனும் சிறுவனும் சித்தம் கலங்கியவனும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். உறங்குபவனை யாரேனும் வெறுப்பார்களா?

எகிப்தின் கெய்ரோவில் 1284ஆம் ஆண்டில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளர்களுக்கென்றே தனிப் பகுதி இருந்தது. அத்தகைய மரபுக்கு வாரிசுகளான நாம் என்ன செய்தோம்? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியுமுன், நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர், பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும்தாம். நோயை நோய் என்று அறியாமல் தீய சக்தி என்று யூகித்ததே பலருடைய குற்றம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாறு சங்கிலியிடுவதை முற்றிலும் தடை செய்துவிட்டது. நம் யூகத்தின் மீதுள்ள சங்கிலியை எந்தச் சட்டம் வந்து பூட்டும்?

மூஸா நபியின் அவசரம்

இரண்டாம் பார்வைக்கு ஆகச் சிறந்த பாடத்தை அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் வெள்ளிதோறும் ஓதுகிறோம். நபி மூஸா (அலை) அவர்கள், நபிமொழிகளில் கிழ்ர் (அலை) என்று பெயர் கூறப்படும் நல்லடியாரோடு பயணம் செய்கிறார்கள். பொறுமையோடு இருப்பதாக வாக்களித்துத்தான் புறப்படுகிறார்கள். ஏழைகளின் படகில் ஓட்டை போடப்படுகிறது. ஒரு சிறுவன் கொல்லப்படுகிறான். விருந்தளிக்க மறுத்த ஊரில் சாயவிருந்த சுவர் கூலியின்றி நிமிர்த்தப்படுகிறது. மூன்று முறையும் மூஸா நபி குறுக்கிடுகிறார்கள். பிறகே காரணங்கள் சொல்லப்படுகின்றன. நல்ல படகுகளைப் பறிக்கும் அரசன் ஒருவன் முன்னே இருந்தான். சுவரின் கீழ் அநாதைகளின் புதையல் இருந்தது. சிறுவனின் செய்தியோ இறைவன் அறிவித்துக்கொடுத்தாலன்றி எவரும் அறியக்கூடாதது.

மூஸா நபியின் குறுக்கீடு தவறான உள்ளத்திலிருந்து பிறந்ததன்று. கண்ணால் கண்ட அநீதியைத் தட்டிக்கேட்பது நபிமாரின் இயல்பு. ஆயினும் கண்டது முழுமையன்று. நாம் நுட்பமாகக் கவனிக்க வேண்டியது இதுதான்: மூஸா நபிக்கு விளக்கம் சொல்ல ஒருவர் இருந்தார். அந்தப் பயணம் அவர்களுக்கு இரண்டாம் முறை காட்டப்பட்டதைப் போன்றது அந்த விளக்கம். நமக்கு யார் இருக்கிறார்கள்? நம் அண்டை வீட்டாரின் செயலுக்கும், மருமகளின் மௌனத்துக்கும், மாணவனின் தாமதத்துக்கும் இறுதிப் பகுதியில் வந்து காரணம் சொல்லப்போகிறவர் யார்? தொடரை மீண்டும் ஒளிபரப்பலாம். வாழ்க்கைக்கு மறு ஒளிபரப்பு இல்லை.

சாம்பல் நிறக் கைகள்

இனி நான் சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன்.

திண்ணையில் அமர்ந்து யார் கருப்பு என்று நான் யூகித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், என்னிடம் ஓத வந்த பிள்ளைகளில் ஒரு சிறுவன் இருந்தான். பதினோரு வயதிருக்கும். நாள்தோறும் தாமதமாக வருவான். கடைசி வரிசையில் அமர்ந்து சில நிமிடங்களில் உறங்கிவிடுவான். அவன் விரல்களிலும் நகக் கண்களிலும் ஒரு சாம்பல் நிறம் எப்போதும் படிந்திருக்கும். "எங்கேடா போயிட்டு வர்றே?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான், பதில் வராது. வெளியூர்க்காரனான எனக்கு அந்த நிறம் எதனால் என்று தெரியவில்லை. தெருவில் சுற்றும் பிள்ளை, கழுவாத கை, பெரியவர் கேட்டால் வாய் திறக்காத செருக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். மர்மத்தை நானே விடுவித்துவிட்டேன்!

ஒரு நாள் அவன் குர்ஆனைத் தொட நீட்டிய கையைத் தட்டிவிட்டேன். "ஒளு இல்லாத கையால் இதைத் தொடாதே, சுத்தம் தெரியாதவனே" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் எழுந்து போய்விட்டான். மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒழுங்குக்கு அஞ்சி நின்றுவிட்டான் என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் அவனுடைய பாட்டியார் பள்ளிவாசல் வாசலில் நின்றுகொண்டு என்னை அழைத்தார். "அசரத்து, புள்ள மேல குத்தமில்லை. அவங்க அத்தாவுக்கு நெஞ்சுல நோவு. படுத்து ஆறு மாசமாச்சு. இவன்தேன் மத்தாப்பு வேலைக்குப் போறான். யார் கேட்டாலும் எங்க போறேன்னு சொல்லாதடான்னு நாங்கதேன் வாயக் கட்டி வச்சிருந்தோம்" என்றார்.

காரணம் எனக்குப் பின்னர் விளங்கியது. சிவகாசிப் பகுதியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் சிறுவர்கள் உழைப்பதைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியிருந்தது. சிறுவனை அபாயத் தொழிலில் வைக்கும் முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு விதித்தது. சட்டம் நல்லது, அதனால் பின்னாளில் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூடம் கண்டார்கள். ஆனால் அன்றைய நிலையில், நோயாளித் தகப்பனை வைத்துக்கொண்டிருந்த அந்த ஏழைக் குடும்பம் பிள்ளையின் வேலை வெளியே தெரிந்துவிடுமோ என்று அஞ்சியது. சிறுவன் குனிந்த தலையோடு காத்தது குடும்பத்தின் இரகசியத்தை. நான் அதைச் செருக்கு என்று படித்தேன். அந்தச் சாம்பல் நிறம் கம்பி மத்தாப்பு மருந்தில் கலக்கும் அலுமினியத் தூள். எத்தனை கழுவினாலும் எளிதில் போகாது.

பாட்டியார் இன்னொன்றும் சொன்னார். நான் தட்டிவிட்ட அன்றிரவு அந்தப் பிள்ளை செங்கல்தூளை எடுத்துக் கைகளைத் தேய்த்திருக்கிறான். தோல் உரிந்து இரத்தம் வந்த பிறகும் தேய்த்திருக்கிறான். "நெசமாவே நம்ம கை அசுத்தம்தான் போலன்னு கேட்டான், அசரத்து" என்றார்.

நீர் தோலில் படுவதைத் தடுக்கும் படலமாக இருந்தால்தான் ஒளுவுக்குக் குறை. நீக்க முடியாத வெறும் நிறத்தால் குறையில்லை. இது ஃபிக்ஹில் தொடக்க வகுப்பிலேயே ஓதும் பாடம். அதை ஓதிக்கொடுக்க வேண்டிய நானே மறந்தேன். அறிவு இல்லாமல் செய்த தவறன்று அது. அறிவின் மீது யூகத்தை ஏற்றி அமர்த்தியதால் நேர்ந்த தவறு. போர்க்களத்தில் கலிமாவை மொழிந்த ஒருவரை, உயிருக்கு அஞ்சித்தான் மொழிந்தார் என்று யூகித்து வெட்டிய உஸாமா (ரலி) அவர்களிடம், அவருடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உஸாமா (ரலி) அவர்கள் அன்று பட்ட வேதனை எத்தகையது என்பதை அந்த மாலையில் நான் ஓரளவு உணர்ந்தேன்.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாட்டியார் என்னிடம் வந்தது, ஊரைவிட்டுப் போவதற்கு முன் சொல்லிவிட்டுப் போகத்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கதவு பூட்டியிருந்தது. திருப்பூர்ப் பக்கம் போனதாக அண்டை வீட்டார் கூறினர். பிறகு எத்தனையோ பேரிடம் விசாரித்தும் அந்தப் பிள்ளையை நான் காணவில்லை. இன்று அவன் நாற்பதை ஒட்டிய மனிதனாக எங்கோ இருப்பான். எங்கிருந்தாலும் இறைவன் அவனுக்கு நலம் தருவானாக. ராசுவின் முகம் திரையில் தோன்றும்போதெல்லாம் நான் கண்டது அவனைத்தான்.

ஏமாறுவதா நல்லெண்ணம்?

எல்லாரையும் நல்லவர் என்று எண்ணிவிட்டால் ஏமாற மாட்டோமா, கெட்டவன் பிழைத்துப் போகமாட்டானா என்று கேட்கலாம். இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. வஹீ நின்றுவிட்ட பின், மக்களை அவர்களின் வெளிப்படையான செயலைக் கொண்டே எடுத்துக்கொள்வோம், அவர்களின் உள்ளத்துக்கு அல்லாஹ்வே பொறுப்பு என்ற கருத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பேசியது புகாரியில் பதிவாகியுள்ளது. தீங்கை வெளிப்படையாகச் செய்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது தவறன்று என்பதும் அதிலிருந்து விளங்கும்.

ஆனால் நான் செய்தது அதுவன்று. நான் வெளிப்படையாகக் கண்டது சாம்பல் நிறக் கை, தாமதம், மௌனம் ஆகிய மூன்று மட்டுமே. அசுத்தம், ஊர்சுற்றல், செருக்கு ஆகிய மூன்றும் நான் சேர்த்தவை. செயலைப் பார்ப்பது பார்வை; அதற்குள் உள்ளத்தை இட்டு நிரப்புவது யூகம். அல்ஹுஜுராத் அத்தியாயம் யூகங்களில் மிகுதியானவற்றை விட்டு விலகச் சொல்கிறது; அதே அத்தியாயம் வந்த செய்தியைத் தீர விசாரிக்கவும் சொல்கிறது. இரண்டும் சேர்ந்ததே நல்லெண்ணம். அது கண்ணை மூடிக்கொள்வதன்று. கேள்வி கேட்டு, பதில் வரும் வரை தீர்ப்பை நிறுத்திவைப்பது. நான் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதட்டிக் கேட்டது கேள்வியாகாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் தீய எண்ணத்தை உள்ளத்தால் பேசும் புறம் என்று வகைப்படுத்துகிறார்கள். நாவு அசையவில்லை என்பதால் நாம் தப்பிவிட முடியாது.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு சான்று உண்டு. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள் அல்லர். முதல் வெடிப்பின் சத்தம் கேட்டுச் சுற்றுப்புறங்களிலிருந்து ஓடி வந்தவர்கள். "வேடிக்கை பார்க்கப் போய்ச் செத்தார்கள்" என்று ஒரு சொல் அன்று ஊரெங்கும் உலவியது. நானும் அதைக் கேட்டேன். ஆனால் தீக்குள் சிக்கியவர்களைத் தூக்கிவர ஓடியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். எவர் பார்க்கப் போனார், எவர் காக்கப் போனார் என்று பிரித்துச் சொல்ல இறைவன் ஒருவனாலேயே முடியும். அவ்வாறிருக்க, எல்லாரையும் ஒரே சொல்லில் அடக்கிப் புதைத்துவிட நமக்கு என்ன உரிமை?

கேட்ட கதையை மறுபடி கேட்டல்

கேட்ட கதையை மறுபடி கேட்பது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. 1572இல் அரங்கேறியதாகச் சொல்லப்படும் ஆயிர மசலா தொடங்கி, உமறுப் புலவரின் சீறாப்புராணம், எண்ணற்ற கிஸ்ஸாக்கள், நாமாக்கள் என்று முடிவு தெரிந்த வரலாறுகளையே நம் முன்னோர் இரவெல்லாம் கூடியிருந்து கேட்டார்கள். தெரிந்த இடத்திலேயே மீண்டும் கண்ணீர் விட்டார்கள். குர்ஆனில் யூஸுஃப் நபியின் வரலாற்றை எத்தனை முறை ஓதியிருப்போம்! இளமையில் ஓதும்போது கிணற்றில் தள்ளிய சகோதரர்கள் மீது சினம் மூளும். இளைஞனானபோது சிறையிலிருந்த யூஸுஃபோடு இருந்தேன். இன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகு, அழுது அழுது பார்வை மங்கிய யஅகூப் நபியோடு இருக்கிறேன். இறுதியில் அந்தச் சகோதரர்களைப் பழிக்காமல் மன்னிக்கும் யூஸுஃபை நெருங்க இன்னும் வயது போதவில்லை போலும். கதை மாறவில்லை, நம் உள்ளத்தில்தான் அறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன.

தொடரின் கடைசிப் பகுதி முடிந்த இரவில் என் மகள் கேட்டாள்: "அத்தா, யாருன்னு முதல்லயே தெரிஞ்சிருந்தா, பயமே வந்திருக்காதுல்ல?"

"பயம் வந்திருக்காதும்மா, இரக்கம் வந்திருக்கும்" என்றேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ தெரியாதப்பவும் இரக்கத்தையே வச்சுக்கலாமே" என்றாள். கிதாபுகளை ஓதி நான் சுற்றி வந்த இடத்துக்கு அவள் ஒரே சொல்லில் வந்துவிட்டாள்.

இப்போது என் வகுப்புக்கு ஒரு பிள்ளை தாமதமாக வந்தால், "ஏன் தாமதம்?" என்று நான் முதலில் கேட்பதில்லை. "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறேன். அதற்கு வரும் பதிலிலேயே பெரும்பாலும் மற்றதும் வந்துவிடுகிறது. இதைப் பெரிய ஞானமாகச் சொல்லவில்லை. ஒரு சிறுவனின் உரிந்த தோலைக் கொடுத்து வாங்கிய பாடம் இது. நம் வீடுகளில் மாமியார் மருமகளிடமும், அண்ணன் தம்பியிடமும், ஆசிரியர் மாணவரிடமும் இந்த ஒரு கேள்வியளவு தாமதித்தால், எத்தனையோ கதவுகள் பூட்டப்படாமல் இருக்கும்.

எல்லா உள்ளங்களின் இரகசியங்களும் வெளிப்படுத்தப்படும் நாள் ஒன்று உண்டு. நம் யூகங்களும் அன்று நம் முன் வைக்கப்படும். அந்த நாள் வருமுன், அடியார்களின் குறைகளை மறைத்தருளும் வல்ல அல்லாஹ், நாம் பிறரை முதல் முறை காணும்போதே இரண்டாம் பார்வையோடு காணும் பண்பை நமக்கு நல்குவானாக. ஆமீன்.